பாஸ்கர்வில் நாயும் பைண்டிங் போட்ட என் பிரதியும்

போன வாரம் காரைக்குடியில் பைண்டிங் முடிந்து புத்தகம் கைக்கு வந்தது. புத்தகத்தின் படத்தைப் பார்த்ததும் தோழி கேட்டாள்: "இப்பப் படிச்சாலும் நல்லாருக்காடி? பத்து வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல உட்கார்ந்தேன், முடியவில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸின் பாஸ்கர்வில் நாய்க் கதை, தமிழில். 1901, 1902இல் லண்டனில் தொடராக வந்தது என்பதெல்லாம் தெரிந்ததுதான். இந்தப் பிரதி எங்கள் ஐயா, அதாவது தாத்தா, வாங்கியது. கோடை விடுமுறையில் ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறக் கிடந்து படித்தேன். அப்புறம் நாலைந்து முறை.

இன்னும் அலுக்காதது அந்த பூட்ஸ் விவகாரம். ஓட்டலில் பாஸ்கர்வில் வாரிசு சர் ஹென்றியின் புது பூட்ஸில் ஒற்றை காணாமல் போகிறது. அடுத்து பழைய ஜோடியில் ஒற்றை தொலைகிறது, அப்புறம் புதுசு திரும்பி வருகிறது. அங்கே எல்லாரும் விழிக்கிறார்கள். எங்கள் வீட்டில் செருப்பை வாசலில்தான் விட வேண்டும். ஒற்றைச் செருப்பைக் காணோம் என்றால், "நாய் தூக்கிட்டுப் போயிருக்கும், போய்த் தேடு" என்பார் அப்பத்தா. அதனால் பத்து வயதிலேயே "நாய்தான்" என்று கண்டுபிடித்துவிட்டேன். நாய் வந்து தூக்கவில்லை, நாய்க்கு மோப்பம் காட்ட ஆள்தான் திருடினான். புதுசில் வாசனை ஏறியிருக்காது. போகட்டும், பாதி மார்க்காவது எனக்கு உண்டு.

இனி வயிற்றெரிச்சல். லண்டனில் வேலை இருக்கிறது என்று சொல்லி தோழர் வாட்சனை மட்டும் சர் ஹென்றியோடு அவர் ஊர்ப் பொட்டலுக்கு அனுப்புகிறார் ஹோம்ஸ். மொத்தம் 15 அத்தியாயம். நடுவில் கிட்டத்தட்ட ஆறில் ஆளே கிடையாது. வாட்சன் பாவம், பார்த்ததையெல்லாம் உட்கார்ந்து கடிதமாக எழுதுகிறார். கடைசியில் பார்த்தால், ஹோம்ஸ் அதே பொட்டலில் ஒரு கல் குடிசையில் இருக்கிறார்! கடிதங்கள் லண்டன் போய் ஒரே நாள் தாமதத்தில் அவர் கைக்குத் திரும்பியிருக்கின்றன. சின்ன வயதில் இந்த இடத்தில் எழுந்து குதித்தேன். இப்போது, மேலதிகாரிக்கு வாராவாரம் ரிப்போர்ட் அனுப்பும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சர் ஹென்றியைப் பனிமூட்டத்தில் தனியே நடக்கவிட்டு நாய்க்கு இரையாக வைத்ததும் அதே திமிர்தான்.

ஐயாவுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது. பர்மாவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாள் என்கிற உதவி ஏஜெண்ட் ஆனவர். 1942இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்கப் போன இடத்திலிருந்து முதலாளிக்குக் கடிதம் எழுதியே கை காய்த்தவர். அந்தக் குடிசை வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "முதலாளி புத்தி" என்று எழுதி வைத்திருந்தார். வாட்சன் பெயர் வரும் இன்னோர் இடத்தில் "அடுத்தாள்".

ஆக, தோழிக்குப் பதில்: கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு ராத்திரியில் முடித்தேன். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்பேன், பைண்டிங் கோபத்தில். காலிகோ துணி அட்டை கெட்டியாக இருக்கிறது, தையலும் சுத்தம். ஓரத்தைச் சமப்படுத்துகிறேன் என்று கால் அங்குலம் வெட்டியிருக்கிறார்கள். "முதலாளி பு" என்று நிற்கிறது. "அடுத்தாள்" இருந்த இடத்தில் "அடு" மட்டும். கட்டிங் போடாதீங்க என்று இரண்டு தரம் சொல்லித்தான் கொடுத்தேன்.