விசுவமடுவில் அரை ஏக்கர் மிளகாய்க்குச் சொட்டுநீர்க் குழாய்: ஒரு வருடம் பாவித்த பிறகு

இரணைமடுக் குளத்து வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணி எங்களுடையது. கிணற்றை நம்பித்தான் மிளகாய். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது, பம்ப் போட்டுப் பாத்தி பாத்தியாக நீர் கட்டுகிற பழைய முறை இனிக் கட்டுப்படியாகாது என்று விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் இழுத்துப் பறித்துக்கொண்டு இருந்துவிட்டு, போன வருடம்தான் அரை ஏக்கருக்குச் சொட்டுநீர்த் தொகுதி வாங்கினேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வாங்கலாம். தண்ணீர் மிச்சமாவது உண்மை. முன்பு பம்ப் மூன்று மணித்தியாலம் ஓடினால் கிணற்றின் அடி தெரியும், ஆனி பிறந்தால் பாதித் தோட்டத்தைக் கைவிட வேண்டிவரும். இப்போது தோட்டத்தை நான்கு துண்டாகப் பிரித்து வால்வை மாற்றி மாற்றித் திறக்கிறோம், துண்டுக்கு ஒரு மணித்தியாலம், சின்னக் கரண்ட் மோட்டரே போதும். இந்த ஆடியிலும் கிணற்றில் தண்ணீர் நின்றது. நிரைகளுக்கு நடுவில் மண் காய்ந்தே கிடப்பதால் கோரையும் குறைவு. தூவல் முறை பிடிக்கும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சோளகம் வீசுகிற மாதங்களில் தூவுகிற தண்ணீரில் ஒரு பங்கைக் காற்றே கொண்டுபோய்விடும். சொட்டுக் குழாயில் அந்தப் பிரச்சினை இல்லை, நீர் நேரே வேரடிக்குப் போகிறது.

குறை எங்கே என்றால் குழாய்த் துளைகள் அடைப்பதில். தண்ணீரை வடிக்கக் கடையில் கொடுத்தது கை அளவான ஒரு வலை பில்டர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படியும் தண்ணீர் என்று சொல்லிக் கேட்டேன், "இது காணும் அண்ணை" என்றார்கள். மூன்றாம் மாதம், காலை பத்து மணிக்கே கடைசி நிரைச் செடிகள் தலை தொங்க ஆரம்பித்தன. சோடாப் போத்தலை அறுத்து, குழாய்த் துளைக்குக் கீழே மண்ணைத் தோண்டி வைத்துப் பார்த்தேன். மணிக்கு இரண்டு லீற்றர் விடுகிற துளை, பத்து நிமிடத்தில் மூன்றிலொரு பங்கு லீற்றர் தரவேண்டும். வால்வுக்குப் பக்கத்தில் சரியாக இருந்தது. நிரையின் கடைசியில் ஒரு தேநீர்க் குவளை கூட நிறையவில்லை, நாலைந்து துளைகள் ஒரு சொட்டும் விடவில்லை. குழாயை வெட்டி உதறினால் கேத்திலில் படிகிற அதே வெள்ளைச் செதில்.

விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்துத்தான் வழி காட்டினார். தட்டு பில்டர் (மெல்லிய தட்டுகளை அடுக்கித் தூசி, மண்ணை வடிக்கிற வகை) வேறாக வாங்கிப் பூட்டினோம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு நிரையின் நுனியையும் கழற்றிவிட்டுத் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிடுகிறோம். தண்ணீரில் கரைந்து வருகிற சுண்ணாம்பைப் பில்டர் பிடிக்காது, குழாயில் படிந்ததைக் கரைக்க அமிலக் கழுவலை அவர் சொன்ன அளவில், அவர் பக்கத்தில் நிற்கும்போதே செய்தோம் (அமிலத்தைத் தண்ணீருக்குள்தான் ஊற்றவேண்டும், அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றக்கூடாது, பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம்). அடைத்த துளைகளில் பெரும்பாலானவை திறந்தன. மூன்று நிரைக் குழாயைப் புதிதாக மாற்றவேண்டி வந்தது. அந்தக் காசு எனக்கு இன்னும் வலிக்கிறது, ஏனென்றால் நல்ல பில்டரைத் தந்து, இந்தக் கழுவலையும் முதல் நாளே கடையில் சொல்லியிருந்தால் அது போயிருக்காது.

இந்த முறை பிறந்தது இஸ்ரேலில். சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியியலாளர் வடிவமைத்ததை 1965 இல் நெகேவ் பாலைவனத்து ஹட்செரிம் கிராமத்தார் தொழிலாகத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் வருடத்துக்கு 200 மில்லிமீற்றர் அளவில்தான் மழை. அந்த நாட்டில் கழிவுநீரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சுத்திகரித்துத் திரும்பவும் பயிருக்கே விடுகிறார்கள், அப்படியான நீரைச் சொட்டுக் குழாயில் விடுவதென்றால் நல்ல பில்டர் இல்லாமல் முடியவே முடியாது. எங்களுக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, ஆனால் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் குழாய் வாங்கினதோடு நிற்காமல் காணியின் பள்ளமான மூலையில் ஒரு குழி வெட்டி, மழைநீர் வெளியே ஓடாமல் வரம்பும் கட்டினோம். கிணறு ஆடிவரை தாங்கினதில் அதற்கும் பங்கு உண்டு.

அணில் தொல்லையும் இருக்கிறது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் தேடிவந்து குழாயைக் கடிக்கும். வேலியோரம் இரண்டு மண்சட்டியில் தண்ணீர் வைத்தோம், கடி நன்றாகக் குறைந்தது, பாவம் அவைக்கும் தாகம்தானே. ஒட்டுவதற்கு ஜொயினர் பத்துப் பன்னிரண்டு கையில் இருக்கட்டும்.

வாங்கப் போகிறவர்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோய்க் கடையில் காட்டுங்கள். தட்டு பில்டர் சேர்த்து விலை கேளுங்கள். காசு முழுவதையும் கொடுக்க முன், பூட்டியவர்கள் நிற்கும்போதே நிரையின் கடைசித் துளைக்குக் கீழே போத்தல் வைத்து அளந்து பாருங்கள். மற்ற அரை ஏக்கருக்கும் தை கழிய இதையே போடப் போகிறோம், தட்டு பில்டரை இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.