இணையத்தை நேருக்கு நேர் பார்க்கும் சர்வருக்கு எந்த இயங்குதளம்: ஓப்பன்பிஎஸ்டியா, லினக்ஸா?

2024 ஜூலையில், சர்வருக்குள் தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை அம்பலமானது. கடவுச்சொல் தெரியாமலேயே, தொலைவிலிருந்து சர்வரின் ரூட் அதிகாரத்தை, அதாவது முழுக் கட்டுப்பாட்டைக் கைப்பற்ற அது வழிவிட்டது. ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை நிரல் நூலகத்தை நம்பி ஓடும் லினக்ஸ் சர்வர்கள் மாட்டிக்கொண்டன. ஓப்பன்எஸ்எஸ்எச்சின் தாய்வீடான ஓப்பன்பிஎஸ்டிக்குப் பாதிப்பில்லை. சிக்கல் எழுந்தது, குறித்த நேரத்துக்குள் உள்நுழையாதவர்களைப் பற்றிப் பதிவேட்டில் எழுதும் இடத்தில். அந்த வேலைக்குப் பாதுகாப்பான ஒரு மாற்றை ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் 2001-லேயே எழுதி வைத்திருந்தார்கள். யாரும் தாக்குவதற்கு முன்பே பழைய நிரலை வரிவரியாகத் துருவிப் பார்க்கும் அந்தப் பழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, நிரலுக்கு யார் கடிவாளம் போடுகிறார்கள் என்பதுதான். ஓப்பன்பிஎஸ்டியில் 2016-இல் வந்த பிளெட்ஜ் வசதியில், நிரலே ‘இனி எனக்கு இவை போதும்’ என்று இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் சொல்லிவிடுகிறது. பிறகு அந்த எல்லையை மீறினால் கர்னல் அதைக் கொன்றுவிடும். ஒருமுறை விட்டுக்கொடுத்த உரிமையை அந்த நிரல் திரும்பக் கேட்க முடியாது. எந்தக் கோப்புகள் கண்ணில் படலாம் என்பதை 2018-இல் வந்த அன்வெயில் இதேபோலச் சுருக்குகிறது. நிர்வாகி அமைக்க வேண்டியது எதுவுமில்லை.

லினக்ஸில் எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் என்ற காவல் அமைப்புகள் இரண்டும் வெளியிலிருந்து விதி போடுகின்றன. மூலநிரலைத் தொட முடியாத மென்பொருளையும் இப்படி அடக்கலாம். இது உண்மையான பலம். ஆனால் ஏதாவது ஒரு செயலி ஓட மறுத்தால், விதியைத் திருத்தாமல் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுகிறார்கள். அணைக்கக்கூடிய காவல் அவசரத்தில் அணைக்கப்படும்.

ஓப்பன்பிஎஸ்டிக்கும் விலை உண்டு. ஒரு வெளியீட்டுக்கு ஏறத்தாழ ஓராண்டுதான் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கர் கிடையாது. பல கோர்கள் கொண்ட இயந்திரத்தில் லினக்ஸின் வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

ஃபயர்வால், விபிஎன், சிறிய அஞ்சல் சர்வர் போன்றவற்றுக்கு நான் தயங்காமல் ஓப்பன்பிஎஸ்டியைத்தான் சொல்வேன். பெரிய தரவுத்தளத்துக்கும் கன்டெய்னர்களுக்கும் லினக்ஸ்தான். ரெட்ஹாட் வகை லினக்ஸ் என்றால், எஸ்இலினக்ஸின் நிலையைக் காட்டும் கெட்என்ஃபோர்ஸ் (getenforce) கட்டளையை இன்றே தட்டிப் பாருங்கள். ‘பெர்மிசிவ்’ என்று வந்தால், மீறல்கள் பதிவாகின்றனவே தவிர எதுவும் தடுக்கப்படவில்லை.