கம்பெனி லேப்டாப் என்று விற்கப்படும் பழைய கணினி: பணம் கொடுக்கும் முன் ரீசெட் செய்து பாருங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறு எங்குமோ பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கணினியை உங்கள் கண்ணெதிரிலேயே முழுமையாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள், அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதுபோல் தொடங்கச் சொல்லுங்கள். முதல் திரை வந்ததும் உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் அதை இணைத்துப் பாருங்கள். வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தால் வாங்காதீர்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாததால் 24,500 ரூபாயை இழந்தேன். என் மகள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே அந்நியர்கள் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றாள்.

நான் அயனாவரத்தில் வசிக்கிறேன். ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மகளுக்குக் கிண்டியில் முப்பது பேர்கூட இல்லாத ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சென்ற நவம்பரில் வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்பவர்கள் சொந்தமாக லேப்டாப் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டதால், விண்டோஸ் 11 இருந்தே ஆக வேண்டும் என்றும் மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். முதல் சம்பளத்துக்கு முன்பே ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் புதுக் கணினி வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. ஊழியர் கைக்குக் கொடுக்க வேண்டிய கருவியின் செலவை வேலைக்குச் சேரும் பிள்ளையின் குடும்பத்தின் மேல் ஏற்றும் இந்த வழக்கம் நியாயமானதல்ல என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வாங்கும்போது என்னால் இயன்றதைச் சரிபார்த்தேன். இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருந்தால்தான் விண்டோஸ் 11 முறைப்படி இயங்கும் என்று உறவுக்காரப் பையன் சொல்லி அனுப்பியிருந்தான். ஐ5-7200யூ என்று இருந்தால் அது ஏழாம் தலைமுறை, வாங்கக் கூடாது. ஐ5-8250யூ என்றால் எட்டாவது, வாங்கலாம் என்று எண்ணைப் பார்க்கும் விதத்தையும் கற்றுக்கொடுத்தான். கடைக்காரர் காட்டியது பத்தாம் தலைமுறை, 16 ஜிபி ரேம். "கம்பெனி சரக்குக்கா, ஏ.சி. ரூம்லயே இருந்தது, ஒரு கீறல் பாருங்க" என்றார். கீறல் இல்லை. பேட்டரியும் நன்றாக நின்றது. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் பதினெட்டு சதவீதம் கூடுதலாகும் என்று சொல்லி, மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதில் கணினியின் வரிசை எண் இல்லை. நல்ல வேளையாக, பணத்தை யுபிஐ வழியாகச் செலுத்தியிருந்தேன்.

பன்னிரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வேலையில் சேர்ந்த அன்று, வாடிக்கையாளரின் மென்பொருள் நிரல் இறங்கப்போகிற கணினி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அந்த நிறுவனத்தின் சிஸ்டம் அட்மின் அதை ரீசெட் செய்து அலுவலக வைஃபையில் இணைத்தார். வழக்கமாக மொழியையும் நாட்டையும் கேட்டு முன்னேற வேண்டிய திரை, சம்பந்தமே இல்லாத வேறொரு பெரிய நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் காட்டி, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று நின்றுவிட்டது. "இது யாரோட லேப்டாப்மா?" என்று அவர் கேட்டிருக்கிறார். குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை என்றுதான் மகள் சொன்னாள். ஆனால் மதியம் அவள் எனக்குத் தொலைபேசியில் அழைத்தபோது முதலில் கேட்டது, "அம்மா, நாம வாங்கினது திருட்டு மாலா?" என்பதுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். மென்பொருள் நிறுவனங்கள் பல லேப்டாப் வாங்கும்போதே அதன் வன்பொருள் அடையாளத்தை, விண்டோஸ் ஆட்டோபைலட் போன்ற சேவைகளில் தங்கள் பெயரில் பதிவு செய்துவிடுகின்றன. ஊழியர் வீட்டில் முதல்முறை திறந்து இணையத்தில் இணைத்தவுடன், கணினி தானாகவே நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு இந்த ஏற்பாடு மிகவும் பரவியது. இந்தப் பதிவு கணினிக்குள் இல்லை. மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. ஆகவே ஹார்ட் டிஸ்க்கை அழித்தாலும், புதிய எஸ்எஸ்டி மாற்றினாலும் பதிவு போகாது. பதிவு செய்த நிறுவனத்தின் அட்மின் தன் பட்டியலிலிருந்து அதை நீக்கினால்தான் கணினி விடுபடும். ஆனால் விண்டோஸை முதன்முதலாக அமைக்கும் அந்தக் கட்டத்தில் மட்டுமே சர்வரிடம் கேட்கப்படுகிறது. இணையத்தை இணைக்காமலே விண்டோஸைப் போட்டு, ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கிவிட்டால், அடுத்த ரீசெட் வரைக்கும் எந்தத் தடையும் தெரியாது. எனக்கு விற்கப்பட்டது அப்படித் தயாரிக்கப்பட்ட கணினி.

கடைக்குத் திரும்பப் போனேன். "அக்கா, நான் குடுக்கும்போது நல்லா ஓடிச்சா இல்லையா? நீங்க ஃபார்மட் பண்ணிட்டு வந்து என்னைக் கேட்டா எப்படி?" என்றார். நான் நகராமல் நின்றதும், "சரி விடுங்க, நெட் இல்லாம திரும்பப் போட்டுத் தர்றேன், எடுத்துட்டுப் போங்க" என்றார். நெட் இல்லாமல் போட வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றால், விற்ற அன்றும் தெரிந்தேதான் விற்றிருக்கிறார். அந்தத் தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். வாலர்ஸ் சாலைப் பக்கம் பல வருடமாகப் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் காசு வாங்காமல் கணினியைப் பார்த்துவிட்டு, "நிறுவனங்க மொத்தமா லாட் போடும்போது லாக்கை எடுத்துட்டுத்தான்மா குடுப்பாங்க. சில பேர் மறந்துடுவாங்க. இப்படி ஒத்தையா வர்ற பீஸுதான் பயம்" என்றார். நான் பொறுமையாக ஒரு காரியம் செய்ததற்கு அவரே காரணம்: திரையில் பெயர் வந்த நிறுவனத்துக்கே வரிசை எண்ணுடன் எழுதச் சொன்னார்.

ஒன்பது நாள் கழித்து அவர்களுடைய ஐ.டி. பிரிவிலிருந்து பதில் வந்தது. 2021-இல் ஓர் ஊழியருக்கு வீட்டு முகவரிக்கு அனுப்பப்பட்ட கணினி அது. அவர் வேலையை விட்டுப் போனபோது திருப்பித் தரவில்லை. இன்னும் அது தங்கள் சொத்துதான் என்று எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், ஆனாலும் படித்தபோது கை நடுங்கியது. வழக்கறிஞராக இருக்கும் என் சித்தப்பா மகன் இரண்டு விஷயங்களை விளக்கினார். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொதுவாக விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கும் வராது. அதோடு, நம்பி ஒப்படைத்த பொருளை மோசம் செய்து எடுத்துக்கொண்டாலும், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி அது திருட்டுச் சொத்தாகவே கருதப்படும். அது தெரிந்த பிறகும் நேர்மையற்ற நோக்கத்தோடு வைத்துக்கொள்பவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே, இணையத்தில் கிடைக்கிற வழிகளைப் பார்த்து லாக்கை உடைத்து உபயோகிக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நான் கணினியை அந்த நிறுவனத்திடமே ஒப்படைத்து, வரிசை எண்ணும் தேதியும் குறித்த ஒப்புகைக் கடிதம் வாங்கிக்கொண்டேன். வேலையை விட்டு ஒருவர் போகும்போது கணினி திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டியதும், வரவில்லை என்றால் உடனே புகார் கொடுக்க வேண்டியதும் அவர்கள் பொறுப்பு. இத்தனை வருடம் அதைச் செய்யாத அலட்சியத்துக்கு எங்கள் வீடு விலை கொடுத்திருக்கிறது.

இப்போது கடைக்காரர் மீது நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அதில் சமரசம் ஏற்படாததால் நுகர்வோர் வழக்குகளை இணையத்தில் பதிவு செய்யும் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத வரை கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் கொடுக்காமல் விற்பதையே நேர்மையற்ற வணிக முறை என்று சொல்கிறது. பில்லில் வேறு கெடு குறிப்பிடவில்லை என்றால், குறையுள்ள பொருளை முப்பது நாட்களுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதையும் அப்படியே சொல்கிறது. ஆகவே, 'எஸ்டிமேட்' சீட்டு கையில் இருப்பதால் நமக்கு வழி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் அந்தச் சீட்டும், யுபிஐ ரசீதும், அந்தத் திரையின் புகைப்படமும், நிறுவனத்தின் ஒப்புகைக் கடிதமும் இருக்கின்றன. பணம் இன்னும் வரவில்லை.

வாங்கப் போகிறவர்கள் ரீசெட்டோடு வேறு சிலவற்றையும் பாருங்கள். கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணும், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பயாஸுக்குள் போகவே கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். அங்கே அப்சலூட் அல்லது கம்ப்யூட்ரேஸ் என்ற பெயரில் ஒரு பகுதி 'ஆக்டிவேட்டட்' என்று இருந்தாலும் வாங்காதீர்கள். அது தொலைந்த கணினியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வசதி, ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் நீங்காது. மேக்புக் என்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வைஃபையில் இணைக்கும்போது 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்ற திரை வந்தால் அதுவும் இதே கதைதான். வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லுக்குக் கூடுதல் பணம் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

அண்மையில்தான் வாங்கினீர்கள் என்றால், அந்த முப்பது நாள் முடிவதற்குள், உள்ளே இருக்கும் கோப்புகளை வேறு இடத்தில் சேமித்து வைத்துவிட்டு, இன்றே ரீசெட் செய்து பாருங்கள். வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தால், அந்தத் திரையைத் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொண்டு, கடைக்காரருக்கு எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். அவர் நெட் இல்லாமல் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.