ஓதம் ஏறும் பழைய சுவர்: டாம்ப் ப்ரூஃபா, சுண்ணாம்பா?

பழைய செங்கல் வீடு, தரையிலிருந்து சுவரில் ஓதம் ஏறுகிறது என்றால் என் ஓட்டு சுண்ணாம்புக்குத்தான். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நடுநிலை வேஷம் போட வேண்டியதில்லை.

கடலூர் முதுநகரில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இப்போது இரண்டு பாகம். தெற்குப் பாதி சித்தப்பாவுக்கு, வடக்குப் பாதி எங்களுக்கு. ஒரே செங்கல், ஒரே மண், ஒரே உப்பனாற்றுக் காற்று. இரண்டு பாதியிலும் இடுப்பு உயரத்துக்குச் சுவர் பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. பீரோவை நகர்த்தினால் பின்னால் கரும்புள்ளி. மழைக்காலம் வந்தால் தோல் செருப்பில்கூடப் பச்சை படரும். சித்தப்பா சிமெண்ட் பூசி, சுவரைச் சமன்செய்யும் புட்டி மாவு வைத்து, மேலே டாம்ப் ப்ரூஃப் என்ற ஈரத்தடுப்புப் பூச்சு அடித்தார். நாங்கள் சுண்ணாம்புப் பூச்சுக்குப் போனோம். “ஏம்மா, இந்தக் காலத்துல யாரும்மா சுண்ணாம்பு பூசுறாங்க? மாட்டுக் கொட்டாய்க்கு அடிக்கிறத ஹாலுக்கு அடிக்கிற” என்று அவர் அப்போதே கேட்டார். ஒரே வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்படி அமைந்தது.

எதைப் பூசுவது என்பதற்கு முன்னால், சுவரில் இருப்பது என்ன என்று தெரியவேண்டும். அடிச்சுவரில் வெள்ளையாகப் பூத்து, விரலால் தேய்த்தால் நறநறவென்று இருந்து, தண்ணீர் பட்டதும் கரைந்தால் அது உப்பு. கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாகப் பரவி, தொட்டால் ஈஷிக்கொண்டு, மக்கிய வாடை அடித்தால் பூசணம். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. கீழே உப்பு, அதற்கு மேலே, காற்றுப் படாத பீரோ மறைவில், பூசணம். உப்பைப் பூசணம் என்று நினைத்துக்கொண்டு பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்ப்பவர்கள் நிறையப் பேர். சுவருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுத்ததுதான் மிச்சம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சாண் சதுரம் வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முதலாவது என்றால் எக்ஸாஸ்ட் ஃபேனும் திறந்த ஜன்னலும் போதும், கொத்தனாருக்கு வேலையே இல்லை. மொட்டை மாடியில் வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்குவது, குழாய்க் கசிவு, மழைத்தண்ணீர்க் குழாய் சுவரை ஒட்டி ஊற்றுவது, இதெல்லாம் தெரிந்த விஷயம். முதலில் அவற்றைச் சரிசெய்துவிட வேண்டும்.

இந்தப் பக்கத்து வீடுகளுக்கே உரிய சங்கடம் வேறு. புதிதாக ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். ரோடு உயர உயர வீடு பள்ளமாகிறது. தாத்தா காலத்தில் மூன்று படி ஏறிப் போன வாசல் இப்போது தெரு மட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு எதுவும் கிடையாது. தெருவில் நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. ஏறும் தண்ணீர் உப்பையும் கூடவே கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு சுவரிலேயே தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணச் சமையல் உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் அந்த அளவு ஈரப்பதத்துக்கு மழையே வேண்டியதில்லை. பங்குனி மாதத்துக் காலையில் சுவர் நசநசவென்று இருப்பது அதனால்தான்.

டாம்ப் ப்ரூஃபை நான் ஒரேயடியாக மட்டம் தட்டவில்லை. வெளிச்சுவரில் சாரல் அடித்து, வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே வருகிறது என்றால் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. நல்ல ரப்பர் தன்மையுள்ள பூச்சு சின்ன வெடிப்புகளை மூடிக்கொண்டு நீளும். மொட்டை மாடிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நாங்களே அதைத்தான் அடித்திருக்கிறோம். வேலையும் சீக்கிரம் முடியும், சுவரும் வழவழவென்று இருக்கும், துடைக்கலாம், வேண்டிய கலர் கிடைக்கும். சித்தப்பா வீட்டு ஹால் முதல் வருஷம் கல்யாண மண்டபம் மாதிரி பளபளத்தது. எங்கள் பக்கம் பார்க்கவே கொஞ்சம் ஏழ்மையாகத்தான் இருந்தது.

சங்கடம் எங்கே என்றால், அது தண்ணீர் வரும் பக்கத்தில் போடவேண்டிய மூடி. கீழிருந்து ஏறும் ஓதத்துக்கு உள்பக்கம் போட்டால் தண்ணீர் நிற்பதில்லை, வெளியேறும் வழி மட்டும்தான் அடைபடுகிறது. உள்ளேயே தேங்கி, பூச்சு எங்கே முடிகிறதோ அதற்கு மேலே ஏறிப் போய் வெளியே வரும். டைல்ஸும் இதே கதைதான். ஹால் சுவரில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிய வீடுகளைக் கடலூரிலும் பாண்டியிலும் எத்தனை வேண்டுமானாலும் காட்டுகிறேன். ஐந்தாவது அடியில் ஓதம் தெரியும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் பாண்டிப் பக்கம் கரையேறி, அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழைக்கு எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. பொங்கலுக்கு முன்னாலேயே சித்தப்பா வீட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளங்கள். ஒன்றை ஊக்கால் குத்திப் பார்த்தோம். இரண்டு சொட்டுத் தண்ணீர் வழிந்தது. பெயிண்ட் தோலை உரித்தால் பின்னால் புட்டி மாவாகி, அதற்குள் வெள்ளை ரோமமாக உப்பு வளர்ந்து நின்றது. கொத்தனார் கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் ஒரு சத்தம், பூச்சு செங்கல்லை விட்ட இடத்தில் வேறு சத்தம். கால்வாசிச் சுவர் ‘டொப் டொப்’ என்றது.

அதே மழைக்கு எங்கள் பக்கமும் நனையாமல் இல்லை. அடிச்சுவர் முழங்கால் உயரத்துக்கு நிறம் மாறிக் கறுத்துக் கிடந்தது. உப்பும் பூத்தது. ஆனால் மாசி வெயிலுக்குள் காய்ந்து பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் அதிகம். ஈரம் அது வழியாக வெளியேறிவிடும், உப்பும் மேல்தோலுக்கு வந்து உதிரும். பூச்சுதான் தேயும், செங்கல் தப்பிக்கும். போதாக்குறைக்கு சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் வேர்விடாது. இந்தக் காரம் நிரந்தரமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு கல்லாக மாற மாற, காரம் குறைந்துகொண்டே போகும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் அலங்காரத்தோடு இந்தக் காரியமும் நடந்தது.

என்னைப் பொறுத்தவரை மற்றதெல்லாம் இருக்கட்டும், பராமரிப்பு ஒன்றுதான் முடிவைச் சொல்லும். ஓதம் ஏறும் பழைய வீட்டில் எதைப் பூசினாலும் அது ஒருநாள் கெடும். கெட்ட பிறகு என்ன ஆகும் என்பதைத்தான் பார்க்கவேண்டும். டாம்ப் ப்ரூஃப் கெட்டால் ஒட்டுப்போட முடியாது. கொப்புளம் வந்த இடத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் அடுத்த மழைக்கு அதன் ஓரத்தில் கிளம்பும். செங்கல் வரைக்கும் கொத்தி, காயவிட்டு, மறுபடி பூசி, புட்டி, பிரைமர், இரண்டு கோட்டு. வீட்டுச் சாமான் முழுவதையும் நடுக்கூடத்தில் குவித்து மேலே தார்ப்பாய். கொத்தும்போது சிமெண்ட் தனியாக வராது, பழைய செங்கல்லின் மேல்தோலையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கிறது. சித்தப்பா இப்போது அந்தச் செலவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முதல் செலவைவிட இது அதிகம், ஏனென்றால் உடைக்கும் கூலியும் இதில் சேர்கிறது.

எங்கள் பக்கம் கெட்ட இடம் இரண்டு. மழைக்காலம் முடிந்ததும் உதிர்ந்ததைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் அதே கலவையை வைத்துத் தேய்த்தாயிற்று. பழைய சுண்ணாம்போடு புதுச் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்கிறது. பிறகு மொத்தச் சுவருக்கும் மட்டையால் வெள்ளையடித்தோம். பெயிண்டர்கூட வேண்டியதில்லை. பீரோவை மட்டும் நாலு விரற்கடை தள்ளிப் போட்டோம், அதற்குக் காசில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை இந்த வேலையைச் செய்யச் சோம்பல்பட்டால் சுண்ணாம்பும் கைவிட்டுவிடும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 19-ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் (பழைய நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்ததை மறந்துவிட்டு, பழைய கட்டுமானம் என்றாலே சாகாவரம் என்று பேசுவதில் அர்த்தமில்லை. அதே ஊரில் வைசியாள் வீதிப் பக்கம், விடாமல் பராமரிக்கும் தமிழர் வீடுகளின் திண்ணைச் சுவர்களையும் போய்ப் பாருங்கள்.

சுண்ணாம்பின் தொல்லைகளையும் மறைக்கக் கூடாது. தெரிந்த கொத்தனார் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தவரும் நாம் அந்தண்டை போனதும், சீக்கிரம் இறுகட்டும் என்று ரெண்டு கரண்டி சிமெண்டைக் கலவையில் போடப் பார்ப்பார். பக்கத்திலேயே நின்று தடுக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து. குழந்தைகளை அண்டவிடக் கூடாது. மணலில் துளி உப்பு இருக்கக் கூடாது, கடற்கரைப் பக்கத்து மணலைத் தொடவே வேண்டாம். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று வைத்தோம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் கொத்தனார் கேட்டார், கொடுத்தோம். அந்த வாடை வீட்டைவிட்டுப் போக நாளானது, அதனால் எவ்வளவு பலன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. வெள்ளையடிக்கும்போது பசைக்காகச் சோற்றுக் கஞ்சி ஊற்றும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம். மாவுச்சத்து பூசணத்துக்குத் தீனி. சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

சுவரில் வரிசையாகத் துளைபோட்டு மருந்து ஏற்றும் முறை மூன்றாவது வழி. செங்கல்லின் துளைகளைத் தண்ணீர் ஒட்டாதபடி மாற்றி, ஓதத்தை அடியிலேயே மறிப்பதுதான் கணக்கு, கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டில் போன வருஷம் செய்தார்கள். இதுவரை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு மழையை வைத்து நான் எதுவும் சொல்லத் தயாரில்லை. எங்கள் சுவர் மாதிரி உள்ளே பொந்தும் இடுக்குமாக இருந்தால் மருந்து சமமாகப் பரவுமா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. அதைச் செய்தாலும் சுவரில் ஏற்கெனவே ஏறிய உப்பு அங்கேயேதான் இருக்கும், பழைய பூச்சைக் கொத்தத்தான் வேண்டும்.

இதெல்லாம் பழைய வீட்டுக் கதை. புதுச்சேரி லாஸ்பேட்டையில் அக்கா இருப்பது கான்கிரீட் அபார்ட்மெண்ட், இரண்டாவது மாடி. அங்கே மண்ணிலிருந்து ஓதம் ஏற வழியில்லை. பூசணம் ஏசி அறையை ஒட்டிய சுவரின் மறுபக்கம் வருகிறது, குளித்துவிட்டுக் கதவைத் திறந்துவிடும் பாத்ரூமுக்கு எதிரே வருகிறது. அவளுக்குச் சுண்ணாம்பு யோசனையை நான் சொல்லவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனை குளித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடு, ஏசியை 20-ல் வைக்காதே, ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதே என்றேன். ஈரம் உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் வாங்கலாமா என்று கேட்டாள். மூடிய அறை என்றால் உதவும், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணம் அடங்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஓட்டினால் வங்காள விரிகுடாவையே காயவைக்கப் பார்ப்பதாகும். வந்த பூசணத்தைச் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைக்கச் சொன்னேன். காய்ந்த பிரஷால் தேய்த்தால் தூள் அறையெங்கும் பறக்கும், அவள் மாமியாருக்கு வேறு வீசிங். பிளீச்சிங்கும் பாத்ரூம் ஆசிடும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

சுண்ணாம்பு என்று முடிவு செய்பவர்கள் மார்கழியிலேயே கொத்தனாரிடம் பேசி வையுங்கள். தை, மாசியில் வேலை முடிவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பூசினால் இறுகாது. சித்திரை வெயிலில் பூசினால் ஒரே நாளில் சுருங்கி வெடிக்கும், ஈரச்சாக்கு தொங்கவிட்டே கை ஓய்ந்துபோகும். பூசியதும் பீரோவைச் சுவரோடு தள்ளாமல் ஒரு மாதமாவது விட்டு வையுங்கள். சித்தப்பா இந்தத் தையில் கொத்தப் போகிறார். ஹாலுக்கு மறுபடியும் டாம்ப் ப்ரூஃப்தானாம், பின்கட்டு அறைக்கு மட்டும் எங்கள் கொத்தனாரின் நம்பரை வாங்கிப் போயிருக்கிறார்.