நியூயார்க் ஜெட்ஸ் சீசன் டிக்கெட்: கொடுக்கும் காசுக்குத் தகுந்த சரக்கா?

நியூஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் உள்ள மெட்லைஃப் மைதானம் எடிசன், ஜெர்சி சிட்டி பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்து பேசத் தொடங்கியதும், நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு ஆண்டு முழுவதற்குமான இருக்கை எடுத்து வைக்கலாமா என்ற யோசனை பெற்றோருக்கு வருவது இயல்பு. அப்படி யோசிப்பவர்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சீசன் டிக்கெட் என்பது பிடித்த ஆட்டத்தை மட்டும் பார்க்கும் ஏற்பாடன்று. கணக்கில் சேராத முன்னோட்ட ஆட்டங்களுக்கும் சேர்த்தே பணம் கட்ட வேண்டும். 2010இல் மைதானம் திறக்கப்பட்டபோது, கீழ்த்தளத்து இருக்கைகளுக்கு டிக்கெட் விலை போக, இருக்கை உரிமம் என்ற பெயரில் தனியாக ஒரு பெருந்தொகையும் வசூலிக்கப்பட்டது.

மைதானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூரை கிடையாது என்பதால் டிசம்பர்க் காற்று எலும்பு வரை ஏறும்; ஆட்ட நாட்களில் செகாகஸ் நிலையத்திலிருந்து ரயில் உண்டு. அதே மைதானத்தை ஜயன்ட்ஸ் அணியும் பகிர்ந்துகொள்கிறது. டிக்கெட் வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது ஆட்டத்துக்கு. குறையும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஜெட்ஸ் வென்றது ஒரே ஒரு முறை, 1969 ஜனவரியில். பிளேஆஃப் சுற்றுக்குக் கடைசியாகத் தகுதி பெற்றது 2010 சீசனில். அதற்குப் பின் இவ்வளவு நீண்ட காலம் பிளேஆஃப் வாசலை மிதிக்காத அணி இந்த லீக்கில் வேறொன்று இல்லை.

தோல்விக்குக் காரணம் கேட்டால் பத்தில் ஒன்பது ரசிகர்கள் குவாட்டர்பேக்கைத்தான் கைகாட்டுவார்கள். ஒவ்வொரு தாக்குதலிலும் பந்து முதலில் அவர் கைக்கு வருகிறது. யாருக்கு வீசுவது, எப்போது வீசுவது என்பதை இரண்டு மூன்று வினாடிக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும். ஆகவே பழி அவர்மேல் விழுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த அணியை விட்டுப் போன குவாட்டர்பேக்குகள் பிறகு என்ன ஆனார்கள் என்று பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு தடுமாறுகிறது. புதுமுக வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013இல் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்ட ஜீனோ ஸ்மித், 2015இல் உடைமாற்றும் அறையில் சக வீரர் ஒருவர் குத்தித் தாடை உடைந்ததால் இடத்தை இழந்தார். பல ஆண்டுகள் மாற்று ஆட்டக்காரராகக் காலம் தள்ளியவர், 2022இல் சியாட்டில் அணிக்காக ஆடி, சிறந்த மறுவருகைக்கான லீக் விருதைப் பெற்றார். 2018இல் மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்ட சாம் டார்னால்டு, 2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்திடம் 33-0 என்று தோற்ற இரவில், களத்தில் தனக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகி ஊர் சிரித்தது. அதே டார்னால்டு 2024இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியை 14 வெற்றிகளுக்கு இட்டுச் சென்றார். கை மாறவில்லை, கண் மாறவில்லை. முன்னால் நின்று காப்பவர்களும் பின்னாலிருந்து வழிநடத்துபவர்களும் மாறினார்கள்.

என் கணிப்பில் இந்த அணியின் நோயை முழுமையாகக் காட்டுவது டார்னால்டை எடுத்த விதமே. டிராஃப்ட் வரிசையில் ஆறாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏறுவதற்காக, அந்த ஆறாவது தேர்வோடு மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் ஜெட்ஸ் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குத் தாரை வார்த்தது. கோல்ட்ஸ் அந்த ஆறாவது இடத்தில் குவென்டன் நெல்சனையும், கைக்கு வந்த இரண்டாம் சுற்றுத் தேர்வுகளில் ஒன்றான 37ஆவது இடத்தில் பிரேடன் ஸ்மித்தையும் எடுத்தது. இருவருமே குவாட்டர்பேக்குக்கு அரணாக நிற்கும் முன்வரிசைக்காரர்கள். இருவரும் ஆண்டுக்கணக்கில் கோல்ட்ஸின் முன்வரிசையைத் தாங்கினார்கள். நகை வாங்குவதற்காக வீட்டுக் கதவை விற்ற கதை இது. அதே டிராஃப்டில் ஏழாவது இடத்தில் பஃபலோ எடுத்தவர் ஜாஷ் ஆலன், 32ஆவது இடத்தில் பால்டிமோர் எடுத்தவர் லமார் ஜாக்சன், இருவரும் பின்னாளில் லீக்கின் முன்னணிக் குவாட்டர்பேக்குகள் ஆனவர்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் வயிறெரியும். ஆனாலும் அவ்விருவரும் அன்றைய ஜெட்ஸுக்கு வந்திருந்தால் இதே உயரத்தைத் தொட்டிருப்பார்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

2020இல் 13 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்ற அணி, கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்குக் கிடைக்கும் அடுத்த டிராஃப்டின் முதல் இடம் கிட்டத்தட்ட உறுதி என்ற நிலையில், ரேம்ஸையும் பிரவுன்ஸையும் வரிசையாக வென்று அந்த இடத்தை ஜாக்சன்வில்லுக்கு விட்டுக்கொடுத்தது. தோற்க வேண்டிய நேரத்தில் தோற்கவும் இவர்களுக்குத் தெரியவில்லை என்று ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இரண்டாவது இடத்தில் வந்தவர் ஜாக் வில்சன். மற்ற குவாட்டர்பேக்குகளுக்காக நான் வாதாடினாலும் இவருக்காக வாதாட மாட்டேன். 2022 நவம்பர் 20 அன்று நியூ இங்கிலாந்து மைதானத்தில் நடந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுவதிலும் ஜெட்ஸின் தாக்குதல் கடந்த தூரம் மொத்தம் 2 யார்டு. தடுப்பாட்டக்காரர்கள் ஒரு டச் டவுனைக்கூட விட்டுக்கொடுக்காமல் 3-3 என்று கடைசி நிமிடம் வரை இழுத்து நிறுத்தியிருந்தார்கள். ஜெட்ஸ் உதைத்த பந்தை மார்கஸ் ஜோன்ஸ் பிடித்து 84 யார்டு ஓடி, சில வினாடிகளே மிச்சமிருந்தபோது ஆட்டத்தை முடித்தார். தடுப்பாட்டக்காரர்களைக் கைவிட்டுவிட்டதாக உணர்கிறீர்களா என்று பிறகு செய்தியாளர் கேட்டபோது வில்சன் தயங்காமல் இல்லை என்றார். அடுத்த ஆட்டத்துக்கு அவர் உட்காரவைக்கப்பட்டார்.

அந்தத் தடுப்பாட்டத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்புரை நியாயமாகாது. ராபர்ட் சாலே பயிற்சியாளராக இருந்த 2022, 2023 ஆண்டுகளில் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த யார்டுக் கணக்கில் ஜெட்ஸ் லீக்கின் முதல் ஐந்து அணிகளுக்குள் இருந்தது. நடுவில் குவின்னன் வில்லியம்ஸ், ஓரத்தில் சாஸ் கார்ட்னர் என்ற அந்தக் கட்டமைப்பைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் வாங்கலாம் என்று அப்போது சொல்லியிருப்பேன். 2022 டிராஃப்ட் இந்த நிர்வாகத்தின் ஒரே முழு வெற்றி: நான்காவது இடத்தில் கார்ட்னர், பத்தாவது இடத்தில் காரெட் வில்சன், இரண்டாம் சுற்றில் பிரீஸ் ஹால். அவ்வாண்டின் சிறந்த புதுமுக விருதுகளில் தடுப்பாட்டத்துக்கானது கார்ட்னருக்கும் தாக்குதலுக்கானது காரெட் வில்சனுக்கும் போயின. இரண்டும் ஒரே அணிக்கு வருவது அபூர்வம். இவ்வளவு நல்ல தடுப்பாட்டம் இருந்தும் இரண்டு ஆண்டுகளிலும் கிடைத்தவை ஏழு ஏழு வெற்றிகள்தான்.

அதற்கு மருந்தாக மூத்த நட்சத்திரக் குவாட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸை வரவழைத்தார்கள். 2023 செப்டம்பர் 11 அன்று, முதல் ஆட்டத்தில், தன் நான்காவது ஆட்டத்துண்டிலேயே அவர் வீழ்த்தப்பட்டுக் குதிகால் நாண் அறுந்தது. விதி என்று பலர் விட்டுவிட்டார்கள். எனக்கு அது விதியாக மட்டும் தெரியவில்லை. 39 வயதுக்காரரை நம்பி வீடு கட்டுபவர்கள் அரணையும் மாற்று ஆளையும் முதலில் உறுதிசெய்திருக்க வேண்டும். மாற்று ஆளாக அங்கே நின்றவர் அதே ஜாக் வில்சன். மறு ஆண்டு ராட்ஜர்ஸ் 17 ஆட்டங்களும் ஆடியும் அணி 5-12 என்று முடித்தது. சாலேயும் பொது மேலாளர் ஜோ டக்ளஸும் சீசன் நடுவிலேயே நீக்கப்பட்டார்கள்.

ஏரன் கிளென் பயிற்சியாளராக வந்த 2025 சீசன் ஏழு தொடர் தோல்விகளோடு தொடங்கியது. லண்டனில் டென்வரிடம் 13-11 என்று தோற்ற ஆட்டத்தில் புதிய குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஒன்பது முறை வீழ்த்தப்பட்டார். வீழ்ந்து பின்வாங்கிய தூரத்தைக் கழித்தால், வீச்சால் அணி ஈட்டியது கழித்தல் 10 யார்டு. முன்வரிசையின் இரு ஓரங்களிலும் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ஓலு ஃபஷானுவும் அர்மாண்ட் மெம்பூவும் இருந்தும் இது நடந்தது என்பதால், பந்தை நெடுநேரம் கையில் வைத்திருக்கும் ஃபீல்ட்ஸுக்கும் இதில் பங்குண்டு என்றே சொல்ல வேண்டும். நவம்பரில் டைராட் டெய்லர் அவர் இடத்துக்கு வந்தார். தடுப்பாட்டமும் முன்பு இருந்ததன் நிழலாகிவிட்டது. முதல் எட்டு ஆட்டங்களில் எதிரணி வீசிய ஒரு பந்தைக்கூட அவர்கள் பறிக்கவில்லை.

நவம்பர் 4 அன்று கார்ட்னரை கோல்ட்ஸுக்கும் வில்லியம்ஸை டல்லஸுக்கும் அனுப்பி, 2026, 2027 டிராஃப்டுகளுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைச் சேர்த்துக்கொண்டார்கள். கோடையில்தான் கார்ட்னரோடு 12 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அவர் பெயர் பொறித்த சட்டையை வாங்கிய பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதை நிர்வாகம் யோசித்ததாகத் தெரியவில்லை. அணியைப் புதிதாகக் கட்டுபவருக்கு இது சரியான வியாபாரம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிக்கெட் வாங்கியவருக்கு, கடையில் மிச்சமிருந்த இரண்டு நல்ல பொருட்களும் கைவிட்டுப் போயின.

ஆகவே உரிமத் தொகையோடு கூடிய சீசன் டிக்கெட்டை இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசைப்படுபவர்கள் மறுவிற்பனைத் தளங்களில் ஒற்றை ஆட்டத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். பஃபலோ வரும் நாளைத் தேர்ந்தெடுத்தால் எதிரணியிலாவது ஒரு நல்ல குவாட்டர்பேக்கைப் பார்க்கலாம். சேர்த்துவைத்த தேர்வுகளை விட்டுக்கொடுத்து மீண்டும் ஒரு குவாட்டர்பேக்குக்காக ஜெட்ஸ் டிராஃப்டில் மேலே ஏறினால், சீசன் டிக்கெட் வாங்கும் முடிவைத் தள்ளிப்போடுங்கள். அவற்றை முன்வரிசைக்கும் தடுப்பாட்டத்துக்கும் செலவிட்டால், அடுத்த கோடையில் விலைப்பட்டியலை மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.