டிரைவர் லைப்ரரி மாற்றித் தருகிறேன் என்று 1,450 வெள்ளியைச் சுருட்டிவிட்டான்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஃப்ரீலான்ஸ் தளம் ஒன்றில் ஆள் பிடித்து 1,450 வெள்ளி போயிற்று. இந்த மாதிரி வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

சுங்கை சிப்புட்டில் தராசு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை நிறுக்கும் தராசிலிருந்து எடையை ஆபீஸ் கணினிக்கு அனுப்ப, டிஎம்4சி123 என்ற சின்னக் கணினிச் சிப்பில் ஒரு போர்டு செய்தேன். தராசு பேசுவது ஆர்எஸ்-485 என்ற கம்பி இணைப்பு முறையில். இரண்டே கம்பி, நாம் அனுப்பி முடித்ததும், அனுப்புவதைத் திறந்து மூடும் டிரைவ் பின்னை இறக்கினால்தான் தராசின் பதில் வரும். அதற்கு, சிப் கம்பெனி எழுதித் தரும் டிவாவேர் டிரைவர் லைப்ரரியில், தகவலை பைட் பைட்டாகக் கம்பியில் அனுப்பும் யூஏஆர்டி பகுதியின் கோப்பைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். திருத்தினால் மட்டும் போதாது, லைப்ரரியையே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அதாவது சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்ற வேண்டும். புரோகிராம் இணைத்துக்கொள்வது கட்டி வைத்த லைப்ரரியைத்தான். எனக்குச் சால்டரிங் கை. கம்பைலர் நமக்கு வராது.

தளத்தில் கிடைத்தவன் தமிழில் பேசினான். அதைவிட, அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை விழ வைத்தது. "கடைசி பைட் போற வரைக்கும் யூஏஆர்டி பிஸியான்னு பார்க்கணும் அண்ணே. இல்லாட்டி அனுப்பக் காத்திருக்கற 16 பைட் வரிசை, அந்த ஃபிஃபோ, காலியாகறதுக்கு முன்னாடியே பின் இறங்கிடும், வால் அறுந்துடும்" என்றான். நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த விஷயம் அதேதான்! இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா? கம்பைல் ஓடுகிற வீடியோவும் அனுப்பினான். ஒரு பிழைகூட இல்லை. 'வேலை முடிந்தது' என்று அழுத்தினால்தான் கோப்பே இறங்கும். தளத்தை அப்படிக் கட்டி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். 1,450 வெள்ளி அந்த நொடியே அவன் கணக்குக்குப் போனது.

போர்டில் ஏற்றினால் பழைய கதையேதான். "கிளீன் பில்ட் போட்டீங்களா அண்ணே?" போட்டேன். "கேபிள் பாருங்க." பார்த்தேன். "போர்டே போலியா இருக்கும்." பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் லைப்ரரியைப் பிரித்துப் பார்த்தான். எழுத்து அனுப்பும் பகுதியில் பின்னைத் தொடும் வரி ஒன்றுகூட இல்லை. அசல் லைப்ரரிக்குப் புதுத் தேதி போட்டு 1,450 வெள்ளி! அதைச் சொன்னதும் வேறு கோப்பு வந்தது. அது தசமக் கணக்கை மென்பொருளிலேயே போடும் சாஃப்ட் ஃப்ளோட்டில் கட்டியது. எங்கள் புரோகிராம் அதைச் சிப்பின் தனிப் பகுதியில் போடும் ஹார்ட் ஃப்ளோட். இரண்டையும் இணைக்கும் லிங்கர் அதை வாங்கவே இல்லை. "உங்க கம்பைலர் பழசு" என்றவன் அப்புறம் பதிலே போடவில்லை.

தளத்தில் புகார் கொடுத்தால், முடிந்த வேலைக்குப் புகார் எடுக்க மாட்டார்களாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வரை கேட்கலாம்தான். ஆனால் சொந்த உபயோகத்துக்கு வாங்கியதுதான் அதில் வரும், கடை வேலை வராது. தோட்டத்துக் கிராணியோ தினம் போன் அடிக்கிறார். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், எடைக்காக லாரியை நிறுத்தி வைக்க முடியுமா?

சரி, சொன்னபடி: லைப்ரரி மட்டும் வாங்காதீர்கள், திருத்திய சோர்ஸும், அதைக் கட்டும் வழியை எழுதி வைத்த மேக்ஃபைலும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் கோடில் ரோம் என்று தொடங்கும் அழைப்புகள் இருந்தால் திருத்திய லைப்ரரி ஓடாது, சிப்புக்குள்ளேயே பதித்து வைத்த பழைய பிரதிதான் ஓடும். அப்படி அழைப்பு இருக்கிறதா என்று உங்களிடம் கேட்காதவனுக்கு வேலை கொடுக்காதீர்கள். உங்கள் போர்டில் ஓடும்வரை காசை விடாதீர்கள். ஐடி வேண்டுமானால் இன்பாக்ஸில் கேளுங்கள், இன்னும் அங்கே வேலை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.