பேண்ட் 7 உத்தரவாதம்னு போட்ட டியூஷன் சென்டர், சேருறதுக்கு முன்னால இத படிச்சிருங்க

மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட் பசார்கிட்ட, கீழ மோட்டோர் ரிப்பேர் கடை, மேல டியூஷன். பேரு சொல்லல, ஊர்க்காரங்களுக்கு பேனர பாத்தாலே தெரியும், 'ஐஎல்ட்ஸ் பேண்ட் 7 உத்தரவாதம்'னு பெருசா தொங்கும். ஐஎல்ட்ஸ்னா வெளிநாடு போறவங்க எழுதற இங்கிலீஷ் பரீட்ச, பேண்ட்னா அதுல குடுக்கற மார்க்கு. என் தங்கச்சி அங்க மூனு மாசம் போனா, மாசம் 180 வெள்ளி, நாந்தான் ஏத்தி எறக்குனேன், அதனால இத எழுதற உரிமை எனக்கு இருக்கு.

அவ கவர்மென்ட் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், பிரிட்டன் போகணும்னு ஆச. அங்க நர்சிங் கவுன்சில், அதான் என்எம்சி, கேக்கறது என்னன்னா லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூனுலயும் 7, ரைட்டிங்ல 6.5, ஓவரால் 7. சேரும்போதே இத அங்க சொல்லி குடுக்கற சார்கிட்ட சொன்னோம், "7 தானே, எடுத்துரலாம் லா"ன்னாரு.

ரிசல்ட் வந்துச்சி. லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 7. நாலையும் கூட்டி நாலால வகுத்தா 6.875, ஐஎல்ட்ஸ்ல கிட்டக்க இருக்கற அரை பேண்டுக்கு கொண்டு போவாங்க, அதனால ஓவரால் 7. சார் கேக் வெட்டாத கொற, படம் புடிச்சாரு, அடுத்த வாரமே அவ மூஞ்சி பேனர்ல ஏறிருச்சி. இவ வீட்டுக்கு வந்து அழறா. ரைட்டிங் 6 தானே, அந்த ஷீட்ட வச்சி என்ன பண்றது?

நான் யோசிச்சி பாத்தேன், சார் மேல கெட்ட எண்ணம் எல்லாம் இல்ல, அவரு வருஷக்கணக்கா மூவெட், அதான் இங்க யூனிவர்சிட்டி சேர எழுதற இங்கிலீஷ் பரீட்ச, அத சொல்லி குடுத்தவரு. மூவெட்ல நாலு பேப்பருக்கும் தலா 90, மொத்தம் 360, கூட்டுத்தொகைக்கு ஏத்த பேண்ட், 258 வந்தா 4.5. ரைட்டிங்ல அடி வாங்குனாலும் லிசனிங்ல தூக்கி விட்டுரலாம். அந்தப் பழக்கத்துலயே ஐஎல்ட்ஸையும் பாக்கறாரு, நர்சுங்களுக்கு ஒவ்வொரு பேப்பரும் தனித்தனி கதவு, ஒன்னு பூட்டியிருந்தா உள்ள போக முடியாது, அது அவரு மண்டையில ஏறவே இல்ல.

அவளோட பழைய பயிற்சித் தாள எல்லாம் எடுத்து பாத்தேன். ரைட்டிங் கட்டுரைக்கு கீழ செவப்பு மையில 'குட், 7', அவ்வளவுதான். ஏன் 7? நெசமான பரீட்சையில நாலு விஷயம் பாத்து போடறாங்க, கேட்ட கேள்விக்கு பதில் சொல்லியிருக்கா, கோர்வையா போகுதா, வார்த்த வளம், இலக்கணம், நாலுக்கும் சம பங்கு. ஒன்னுக்கு கூட தனியா மார்க் போட்டு காட்டல. இதுல பெரிய கூத்து, ரைட்டிங்ல மொத டாஸ்க் கிராஃப பாத்து எழுதறது, ரெண்டாவது டாஸ்க் கட்டுர, அந்த ரெண்டாவதுக்கு மொதத விட ரெண்டு மடங்கு வெயிட். உதாரணத்துக்கு மொத டாஸ்க்ல 7, ரெண்டாவதுல 5.5 வாங்குனா ரைட்டிங் 6. அதையே திருப்பி போட்டு மொததுல 5.5, ரெண்டாவதுல 7 வாங்குனா 6.5! அதே ரெண்டு மார்க்கு, எடம்தான் மாறுது. இங்க என்னடான்னா கிராஃப் எழுதறதயே வாரா வாரம் போட்டு தேச்சாங்க. அவளும் பரீட்சையில 20 நிமிஷத்துல முடிக்க வேண்டிய கிராஃபுக்கு அர மணி நேரத்துக்கு மேல எடுத்துட்டு கட்டுரைய பாதியில அவசரமா முடிச்சிருக்கா.

ரீடிங்கும் இதே லட்சணம்தான். ஐஎல்ட்ஸ்ல அகடெமிக், ஜெனரல் டிரெய்னிங்னு ரெண்டு வகை. இங்க ஜெனரல் டிரெய்னிங் தாள குடுத்து, எத்தன சரின்னா எந்த பேண்டுன்னு காட்டற அகடெமிக் சார்ட்ட வச்சி திருத்துறாங்க. அகடெமிக்ல 40க்கு 30 வந்தா ஏறக்கொறைய 7, ஜெனரல்ல அதே 30க்கு 6 தான், 7 வேணும்னா 34 கிட்ட வரணும். புள்ளைங்க கிளாஸ்ல 7 வாங்கிட்டேன்னு சந்தோஷமா வீட்டுக்கு போகுதுங்க, பாவம்.

நல்லதையும் சொல்லணும். ஸ்பீக்கிங் எடுக்கற டீச்சர் தங்கமான மனுஷி. வெள்ளக்காரன் மாதிரி நாக்க சுருட்டாத, அக்சென்ட்டுக்கு மார்க் இல்ல, சொல்றது தெளிவா புரியணும்னு மொத நாளே சொல்லிட்டாங்க, அது நெசம்தான். எங்க எஸ்டேட்ல லயத்துல வளந்த புள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை போதும், கூச்சம் பறந்துருச்சி. லிசனிங்ல ஒரு 's' விட்டாலும் ஸ்பெல்லிங் தப்புனாலும் மார்க் போச்சுன்னு கண்டிப்பா திருத்துனதும் அவங்கதான். கீழ மோட்டோர் ஆக்சிலேட்டர முறுக்குற சத்தத்துல லிசனிங் பண்ணி பழகுனதுனால பரீட்ச ஹால் கோயில் மாதிரி இருந்துச்சாம்.

ரீமார்க் கேக்கலாம்னு நான் சொன்னேன், 6 வாரத்துக்குள்ள கேக்கணும், மார்க் ஏறுனா கட்டுன காசு திரும்ப கெடைக்கும். "வேணாண்ணே, நான் எழுதுனது எனக்கு தெரியாதா"ன்னுட்டா. அப்புறம் நைட் ஷிஃப்ட் முடிஞ்சி வந்து வீட்லயே, கோப்பிய பக்கத்துல வச்சிகிட்டு, போன்ல 40 நிமிஷம் டைமர் போட்டு தினம் ஒரு கட்டுர எழுதுனா, வேற எதுவும் பண்ணல.

போன வாரம் ரெண்டாவது ரிசல்ட். லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7.5. சராசரி 7.125, ஓவரால் மறுபடியும் அதே 7. ரெண்டு ஷீட்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சி பாத்தோம், ஒன்னு செல்லாக்காசு, இன்னொன்னு அவளோட டிக்கெட்டு.

என் மார்க்கு: மூவெட்டுக்கும் ஸ்பீக்கிங்குக்கும் தாராளமா அனுப்பலாம், எங்க அக்கா பையன அடுத்த மாசம் மூவெட்டுக்கு அங்கதான் சேக்கறேன். ஐஎல்ட்ஸ் ரைட்டிங்குக்கு அந்த 180 வெள்ளி வேஸ்ட். அஞ்சுக்கு ரெண்டரை.

நேத்து அந்தப் பக்கம் போனப்ப சார பாத்து, பேனர்ல இருக்கற தங்கச்சி படம் பழைய ரிசல்ட்டு, மாத்துங்க சார்னு சொன்னேன். புது ஷீட்ட வாங்கி பாத்துட்டு, "இதுவும் 7 தானே தம்பி, எதுக்கு மாத்தணும்"ன்னு சிரிக்கறாரு.